வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

அத்தியாயம் 14

கிழங்குக் கிட்டங்கியின் கதவைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

வினிகரும் ஈரச் சாக்கும் கலந்தது போன்ற வாடை. துலிப் கிழங்கு போடுகிற வீட்டில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்கு புளித்திருக்கிறது. உள்ளே எங்கேயோ அழுகல் இருக்கிறது.

வெல்மூத் வாசலிலேயே நின்றாள். காலை ஆறே முக்கால். நவம்பர் பதினொன்று. வெளிச்சம் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இன்றைக்கு அவளுடைய நடவு. ஏழு பெட்டிக் கிழங்கும் இன்றைக்கு மண்ணுக்குள் போக வேண்டும்.

விசிறி ஓடுகிற சத்தம் இல்லை. அது அடுத்ததாக உறைத்தது.

விளக்கைப் போட்டாள். சுவரில் காற்றுக் கதவின் நெம்புகோல் கீழே இறங்கியிருந்தது. முழுதாக மூடியிருந்தது.

ஜூலையில் கிழங்கு உள்ளே வந்ததிலிருந்து நடவு நாள் வரைக்கும் அந்தக் கதவை யாரும் மூடமாட்டார்கள். புயல் அடித்தாலும் மூடமாட்டார்கள். அவளுடைய அப்பா சீமென் போட்ட சட்டம் அது. சின்ன வயதில் அவளும் தம்பியும் ஒளிந்து விளையாடும்போது ஒரு தடவை அந்த நெம்புகோலைத் தொட்டுவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது.

ஏழு பெட்டிகளும் அவள் அடுக்கிய இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய சீட்டு: 17-4. பின்னால், சுவரை ஒட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, எட்டாவதாக ஒரு பெட்டி இருந்தது. அது அவளுடையது இல்லை.

தார்ப்பாயைத் தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. அத்தனையும் அழுகிய கிழங்கு. விரலை வைத்தால் உள்ளே போகிற அளவுக்குக் கூழாகியிருந்தது. மேலே நீலம் பாய்ந்த பூசணம்.

அழுகிய கிழங்கு ஒரு வாயுவை விடும். காற்று ஓடிக்கொண்டிருந்தால் அது வெளியே போய்விடும். மூடிய அறையில் தங்கிவிடும். தங்கினால் பக்கத்திலிருக்கும் நல்ல கிழங்கின் தோலை அது ஒன்றும் செய்யாது. எடை குறையாது, நிறம் மாறாது. ஆனால் கிழங்கின் நடுவில் ஆகஸ்ட் மாதமே உருவாகி, வசந்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூவை மட்டும் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். முதல் பெட்டியில் ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து அடி வரை நேராகப் பிளந்தாள்.

வெள்ளைச் சதை. நல்ல சதை. நடுவில், பூ இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த தேயிலை மாதிரி ஒரு பழுப்புத் துணுக்கு.

இரண்டாவது பெட்டி. பழுப்பு. மூன்றாவது. பழுப்பு. ஏழு பெட்டியிலும் ஒவ்வொன்று. பிறகு திரும்ப வந்து மூன்று. பத்துக் கிழங்கு வெட்டினாள். பதினோராவதை எடுத்து, பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

போன மாதம் அடுக்களை மேசையில் பேசி முடித்தது இது: ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் வெல்மூத்தின் புது துலிப், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் நிலத்தில், ஒரே மாதிரியாக நூறு பூ நிற்க வேண்டும். வெளியாட்கள் மூன்று பேர் வந்து பார்த்து, இதை வளர்க்கலாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பின்நிலம் அவள் பெயருக்கு. இல்லையென்றால் நிலம், வீடு, கிட்டங்கி எல்லாவற்றையும் தம்பி ரெய்னீர் பெரிய கிழங்குக் கம்பெனிக்கு விற்றுவிடுவான். ரெய்னீர் சொன்னான், அவள் ஒத்துக்கொண்டாள், அப்பா தலையை ஆட்டினார்.

இருபத்தெட்டு வயதில் இரண்டு பூக்களைக் கலந்து விதை எடுத்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. முதல் ஆறு வருஷம் புல் மாதிரி ஒற்றை இலை. ஏழாவது வருஷம் ஒரே ஒரு பூ. அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இன்றைக்கு ஏழு பெட்டி. இன்னும் பெயர் வைக்கவில்லை. பதினேழாம் வரிசை, நாலாவது செடி. அதுதான் பெயர்.

ஏழு பெட்டியையும் ஒரே அறையில் வைத்தது அவளுடைய தப்பு. இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நல்ல சரக்கை இரண்டு இடத்தில் பிரித்து வைப்பார்கள். அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த வருஷம் ஏழும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

வெட்டிய கிழங்குகளைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

*

அடுக்களையில் ரெய்னீர் கறுப்பு ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி மார்க்ரீத் ஒரு பெரிய பீட்ரூட் கிழங்கைக் கரண்டியால் குடைந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் பிள்ளைகள் பீட்ரூட் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடி மிட்டாய் வாங்க வரும் நாள் அது.

"காத்துக் கதவை யாரு மூடினது?"

ரெய்னீர் நிமிர்ந்தான். "முதல்ல செருப்பைக் கழட்டுக்கா. மரச்செருப்போட உள்ள வந்திருக்கே."

"யாரு மூடினதுன்னு கேட்டேன்."

"எந்தக் கதவை?"

அவள் தொப்பியை மேசைமேல் கவிழ்த்தாள். இருபது பாதிகள் ரொட்டித் தட்டைச் சுற்றி உருண்டன.

"அண்ணி! சாப்பிடற மேசை!" என்றாள் மார்க்ரீத்.

"நீ குடையற வேலையைப் பாரும்மா. டேய், எடுத்துப் பாரு."

ரெய்னீர் ஒரு பாதியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"செத்திருக்கு."

"பத்தும் செத்திருக்கு. புளிச்ச கிழங்கு ஒரு பெட்டி பின்னாடி இருக்கு. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. காத்துக் கதவு அடைச்சிருக்கு. விசிறி நிக்குது. மூணு வாரமா உன் சரக்கை உன் குத்தகை நிலத்துல நான்தான் முட்டி போட்டு நட்டுக்கிட்டிருந்தேன். இங்க நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"என்னைச் சொல்றியா?"

"வேற யாரைச் சொல்ல? விக்கணும்னு நிக்கறது யாரு?"

ரெய்னீர் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நான் எதுக்குக்கா மூடணும்? உன் பூ ஜெயிச்சிடும்னு பயந்தா? துருப்பிடிச்ச தகரம் மாதிரி இருக்கு அது. ஓரத்துல மஞ்சக் கோடு வேற. மூணு பேரு வந்து பாத்தா மூணு பேரும் காபி குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லாமலே போயிடுவாங்க. நான் காலை நீட்டி உக்காந்திருந்தாலே போதும். கதவை மூட எந்திரிக்கணுமா?"

மார்க்ரீத் பீட்ரூட்டுக்குள் பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கினாள்.

அவன் சொன்னதில் வெல்மூத்துக்கு வலித்தது. ஆனால் நம்பிவிட்டாள். அவனுக்குப் பொய் வராது. ஊரில் யாருக்கும் அவனைப் பிடிக்காததற்கு அதுதான் காரணம்.

"வா. வந்து நீயே பாரு."

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

*

கிட்டங்கியில் ரெய்னீர் முதலில் மூக்கைச் சுருக்கினான். பிறகு எட்டாவது பெட்டியைப் பார்த்தான். குனிந்து பக்கப் பலகையில் இருந்த பெட்டி எண்ணை விரலால் தடவிப் படித்தான்.

"இது என் சரக்குப் பெட்டி. அக்டோபர்ல கழிச்சுப் போட்டது. குப்பைக்குழிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டேனே."

"யார்கிட்ட சொன்னே?"

அவன் விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

"டேய். யார்கிட்ட சொன்னே?"

அவன் நெம்புகோல் பக்கம் நடந்தான். அதைத் தொடாமல் கீழே பார்த்தான். சிமென்ட் தரையில், நெம்புகோலுக்கு நேர் கீழே, வெள்ளிக் காகிதத்தைப் பட்டாணி அளவுக்குச் சுருட்டி யாரோ போட்டிருந்தார்கள். ஒன்று இல்லை. மூன்று.

பெப்பர்மின்ட் மிட்டாய்க் காகிதம். சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது அப்பா ஒன்று வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருப்பார். அது பட்டாணி அளவுக்கு வரும்போது பிரசங்கம் முடியும். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அதை வைத்துத்தான் இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவார்கள்.

மூன்று உருண்டை. அவ்வளவு நேரம் இங்கே நின்றிருக்கிறார்.

"மறந்து மூடியிருப்பாருக்கா," என்றான் ரெய்னீர். "எழுபத்தி நாலு ஆகுதுல்ல."

"பெட்டியை மறந்து தூக்கிட்டு வந்து, மறந்து பின்னாடி வெச்சு, மறந்து தார்ப்பாயையும் போட்டாரா?"

அவன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

வெல்மூத் நெம்புகோலை மேலே தூக்கினாள். விசிறி ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. இனிமேல் ஓடி என்ன.

*

சீமென் பின்நிலத்தில் இருந்தார். ஆறு வருஷம் துலிப் போடாமல் ஆறவிட்ட நிலம். போன வாரம்தான் உழுதிருந்தார்கள். களிமண் வெட்டு வெட்டாகப் பளபளத்தது.

அவர் முளை அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நடவுப் பாத்திக்கு. இடுப்பு வலி என்று அக்டோபர் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தவர், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கயிறு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் இருந்தது. அவர் கட்டுகிற கயிறு எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

"என்னப்பா பண்றீங்க?"

"பாத்தா தெரியலயா? ஒரு மீட்டர் பாத்தி. நடுவுல நடக்கறதுக்கு நாப்பது சென்டி விட்டிருக்கேன். போதும்ல?"

"எதை நடறதுக்கு?"

அவர் முளையை மரச் சுத்தியலால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்பா. எதை நடறதுக்குன்னு கேட்டேன்."

கையிலிருந்த பாதிக் கிழங்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"எத்தனை வெட்டினே?" என்றார்.

"பத்து."

"பத்துலேயுமா?"

"பத்துலேயும்."

அவர் தலையை ஆட்டினார். கூலியாள் வந்து வேலை முடிந்தது என்று சொன்னால் ஆட்டுவாரே, அதே மாதிரி.

பின்னால் வந்து நின்ற ரெய்னீர், "அப்பா, நீங்களா?" என்றான்.

"கிழங்கு சாகலை," என்றார் சீமென் மண்ணைப் பார்த்தபடி. "இந்த வருஷப் பூதான் போச்சு. நட்டா இலை வரும். கிழங்கு பெருகும். அடுத்த வருஷம் பூக்கும்."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனாலதானே மூடினீங்க? கிழங்கும் சாகக்கூடாது, பூவும் வரக்கூடாது. ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு."

"பத்து நாளைக்கு முன்னாடிதான் மூடினேன்."

"எத்தனை நாள்னு நான் கேட்டேனா?"

அவர் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. ரெய்னீர் கை கொடுக்கப் போனான். வெல்மூத் அவன் கையைத் தட்டிவிட்டாள். அப்பா சுத்தியலை ஊன்றித் தானே எழுந்தார்.

"டவுன்ல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன்," என்றார். "ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கு. ஜன்னல்ல நின்னா ஸ்டேஷன் தெரியும், கடைத்தெரு தெரியும். எந்தப் பக்கம் பாத்தாலும் மண்ணு தெரியாது."

அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"எட்டு வயசுல குனிஞ்சேன். அறுபத்தாறு வருஷம். எனக்குப் போதும். பின்நிலம் உன் கைக்குப் போனா கம்பெனிக்காரன் வீட்டை மட்டும் வாங்க மாட்டான். வீடு போகலைன்னா அந்த ரெண்டாவது மாடி எனக்குக் கிடையாது."

"அதைச் சொல்லியிருக்கலாமே. போன மாசம் மேசைல உக்காந்தோமே. என் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? எனக்கு மண்ணு போதும், விக்கணும்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லலை?"

"நீ என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தே."

"அதனால?"

"வாய் வரலை."

"வாய் வரலை. கை வந்துச்சு."

சீமென் பையைத் தடவி ஒரு பெப்பர்மின்ட் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பிரிக்காமல் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

"உனக்காகவும்தான் பண்ணேன்," என்றார். "இல்லைன்னா நீயும் என்னை மாதிரி இந்த மண்ணுலயே குனிஞ்சு கிடப்பே. ஒரு புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு..."

"நிறுத்து." பிறந்ததிலிருந்து அவரை அவள் அப்படி ஒருமையில் கூப்பிட்டதில்லை. "என்னைச் சேத்துக்காதே. லிஃப்டுக்காகப் பண்ணே. லிஃப்டுன்னே சொல்லு. என் முதுகைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம். பத்தொன்பது வருஷமா இந்த முதுகை நீ பாத்துக்கிட்டுதான் இருந்தே, அப்ப எல்லாம் எங்க போச்சு கவலை?"

அவர் கயிற்றைப் பார்த்தார். காற்றில் அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

வெல்மூத் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ உன் கண்ணால பாத்தே. காதால கேட்டே. அப்ப இந்த ஏப்ரல்னு சொன்னதை அதுக்கடுத்த வருஷ ஏப்ரல்னு மாத்து."

ரெய்னீர் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். மார்க்ரீத் அங்கே நின்றிருந்தாள். கையில் பீட்ரூட்.

"கம்பெனி மே மாசத்துக்கு மேல நிக்காதுக்கா."

"இவர் பண்ணது..."

"இவர் பண்ணது தப்பு. ரொம்பத் தப்பு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நூறு பூன்னுதானே பேச்சு? பூ ஏன் வரலைங்கறது பேச்சுல இல்லையே."

அவனுக்குப் பொய் வராது. அதுதான் கொடுமை.

"சரி," என்றான் அவன், குரலைத் தணித்து. "எப்படியும் நட்டுடுவோம். கிழங்கைப் பெட்டியிலயே வெச்சா அதுவும் போயிடும். நான் கூட நடறேன். வலையெல்லாம் கழுவி வெச்சிருக்கேன். ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கு, ஜூன்ல மாட்டுச்சே, அது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

ஜூனில் மாட்டிய வலை.

வெல்மூத்தின் முகத்தில் என்ன மாறியதோ, ரெய்னீர் "என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நீ பெட்டியை எடுத்து வை. வந்துடறேன்."

*

களிமண்ணில் கிழங்கை வலைக்கு மேலே நடுவார்கள். ஜூனில் வலையோடு உருவினால் கிழங்கெல்லாம் வெளியே வந்துவிடும். இந்த ஜூனில், பால்காரர் ஓட்டமனிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், அவளுடைய பாத்தியின் கடைசி முனையில் வலை கிழிந்தது. இயந்திரம் சேற்றில் இறங்கிவிட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரம் மூன்று மீட்டர் எடுக்காமல் நின்றுபோனது. விட்டுத் தொலைக்கா, மூணு மீட்டருக்காக முக்கா நாள் போகுது என்று ரெய்னீர் கத்தினான். விட்டுவிட்டார்கள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள். பிறகு ஓட்டமன் புல் விதைத்துவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் உழவில்லை.

மூன்று மீட்டர். இருநூறு கிழங்குக்குக் குறையாது. பாதி பூத்தாலும் நூறு.

அந்த இருநூறும் காற்றுக் கதவுக்குப் பின்னால் இருக்கவில்லை. மண்ணுக்குள் இருந்தன. அவற்றின் பூவை யாரும் தொட்டிருக்க முடியாது.

மண்வெட்டியைச் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு மிதித்தாள். எதிர்க்காற்று. இந்தப் பக்கத்தில் எந்தத் திசையில் போனாலும் எதிர்க்காற்றுதான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மிதித்தாள். பாலம் தாண்டி, ஓட்டமன் வீட்டு மாட்டுக் கொட்டகை தாண்டி, வாய்க்கால் ஓரம் வந்து சைக்கிளைப் புல்லில் அப்படியே போட்டாள்.

இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேலியின் மூன்றாவது கம்பத்துக்கு நேர். அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு மழையில் நின்றாள்.

கம்பத்தை ஒட்டி மண்வெட்டியை இறக்கினாள். மிதித்தாள். நெம்பினாள். புல்லோடு ஒரு கட்டி மண் புரண்டது. அதன் அடியில், பழுப்புத் தோலோடு, வெள்ளை வேர் விட்டு, ஒரு கிழங்கு.

முட்டி போட்டு அதைப் பிடுங்கினாள். கோட்டில் துடைத்தாள். கனமாக இருந்தது. பூக்கிற அளவுக் கிழங்கு.

வெட்டாமல் நம்ப முடியாது. காலையில் பத்து வெட்டியவளுக்கு இன்னொன்றை வெட்டாமல் நம்ப முடியாது. இருநூறில் ஒன்று போனால் போகட்டும். கத்தியை எடுத்து நுனியிலிருந்து அடி வரை பிளந்தாள்.

இருந்தது.

வெளிர் மஞ்சளும் பச்சையுமாக, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, முழுப் பூ. ஆறு மகரந்தத் தண்டும் அரிசி நொய் மாதிரி சுற்றி நின்றன. ஈரமாக, உயிரோடு.

அவள் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்கு வருவது அதுதான். பத்தொன்பது வருஷத்தில் மூன்று முறை சொல்லியிருப்பாள்.

பிறகு எழுந்து அடுத்த இடத்தில் மண்வெட்டியை இறக்கினாள்.

ஒன்றும் இல்லை.

ஒரு சாண் தள்ளி. ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சாண். மண் மட்டும் வந்தது. கிழிந்த வலையின் ஒரு துண்டு வந்தது.

இரண்டாவது மீட்டரில்தான் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. மண்வெட்டி ரொம்ப லேசாக இறங்கியது. ஐந்து மாதமாக யாரும் தொடாத களிமண் இவ்வளவு லேசாக இறங்காது.

நிமிர்ந்து நின்று புல்லைப் பார்த்தாள். முதலில் அவசரத்தில் பார்த்திருக்கவில்லை. புல் கட்டி கட்டியாக வெட்டி எடுக்கப்பட்டு, திரும்பவும் அதனதன் இடத்தில் வைத்து மிதிக்கப்பட்டிருந்தது. வெட்டின கோடு வாய்க்காலுக்கு இணையாக ஓடியது. கயிறு கட்டி வெட்டினது போல நேராக இருந்தது.

அவளுக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் புல்லைக்கூட இவ்வளவு நேராக வெட்டுவார்.

"என்னம்மா வெல்மூத், இன்னும் மிச்சம் இருக்கா?"

ஓட்டமன் வரப்பில் வந்துகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ். கையில் காலி வாளி. வசந்தம் வந்தால் வருஷா வருஷம் ஒரே நகைச்சுவைதான் அவரிடம்: உங்க பூவைத் தின்னுட்டு என் மாடு சிவப்புப் பாலு கறக்கப்போகுது. இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருப்பார்.

"யாரு எடுத்தாங்க இதை?"

"யாருன்னா? உங்கப்பாதான். ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு நேரா வந்தார். கோட்டும் டையுமா. நீதான் அனுப்பினேன்னார். நீ அனுப்பலையா?"

அவள் மண்வெட்டியைப் புல்லில் ஊன்றினாள்.

"நான் கூடச் சொன்னேன், சீமென், இடுப்பு வலியோட ஏன் குனியறே, பொண்ணை வரச் சொல்லுன்னு. கேக்கலை. ரெண்டு மணி நேரம். ரெண்டு வாளி நிறைய எடுத்தார். தொப்பியைக் கழட்டி, ஒவ்வொரு கிழங்கையும் துடைச்சுத் துடைச்சு வாளில போட்டார். கிழங்கைப் போயி சர்ச்சுத் தொப்பியால துடைக்கிறாரேன்னு எங்க வீட்ல சொல்லிச் சிரிச்சோம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டாரா?"

"எண்ணி எண்ணித்தான் எடுத்தார். ஒண்ணு விடக்கூடாதுன்னு அந்தக் கம்பத்துப் பக்கம் வேற முட்டி போட்டுத் துழாவினார். கம்பத்தடியில கை போகலைபோல."

கம்பத்தடி. அங்கேதான் அவள் முதல் முறை இறக்கினாள்.

"வீட்டுக்கா கொண்டுபோனார்?"

ஓட்டமன் தாடையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் புரியலை. உங்க வீட்டுப் பக்கம் போகலை. அணைக்கரைப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனார். ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தார், வாளி காலி."

"ரெண்டுமா?"

"ரெண்டும். என்னம்மா, ஏதாவது தப்பா?"

காலையில் அப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று அவள் நினைத்திருந்தாள். பெட்டி, கதவு, லிஃப்ட், ரெண்டாவது மாடி. எத்தனை நாள் என்றுகூடக் கேட்காமலே சொன்னார். இதைச் சொல்லவில்லை. அவள் எதிரிலேயே கயிறு கட்டிக்கொண்டு நின்றார், இதைச் சொல்லவில்லை.

அணைக்கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். கொட்டுவதற்குப் போகிறவன் தொப்பியால் துடைப்பானா? துடைக்கிறவன் ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை?

"ஒண்ணும் தப்பில்லை," என்றாள் ஓட்டமனிடம். "நான்தான் அனுப்பினேன். மறந்துட்டேன்."

அவர் போனதும் உள்ளங்கையைத் திறந்தாள். இரண்டு பாதியும் அங்கேயே இருந்தன. வெட்டுமுகம் அதற்குள் லேசாகக் கறுத்திருந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். துல்லியமாகப் பொருந்தின. ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

விரலை எடுத்ததும் பிரிந்துகொண்டன.

அப்பாவின் கைக்குத் தப்பி உயிரோடு நின்றது ஒன்றே ஒன்று. அதை வெட்டியது அவள்.

பாதிகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். வீட்டில் ஏழு பெட்டியும், கழுவிய வலையும், நேரான கயிறும் காத்துக்கொண்டிருந்தன. அவள் அணைக்கரைப் பக்கம் திருப்பினாள்.